கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே மவுத்பீஸ்

ஜெஸிந்தாவுக்கு ட்ரம்பெட் வாசிக்கத் தெரியும் என்பது நடுவட்டத்துக்குக் கீழே இருந்த அந்த அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் முதல் கிறிஸ்துமஸ் வரைக்கும் யாருக்கும் தெரியாது. சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் எல்லாமே ஒரே மாதிரித் தகரப்பெட்டியும் பாய்ச்சுருட்டுமாகத்தான் வந்து இறங்கியிருந்தன. அவள் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கம்பளித் துணி சுற்றி என்ன இருக்கிறது என்பது அவள் கணவன் எல்லப்பனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் வளர்ந்தது பண்டாரவளைப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில். தாய் தகப்பன் இல்லாத பெண்களுக்கென்று அங்கே ஒரு விடுதி இருந்தது. விடுதிக்கு ஒரு பேண்ட் இருந்தது. திருநாள் சப்பரத்துக்கு முன்னால் வெள்ளைப் பாவாடை கட்டிய பெண்பிள்ளைகள் ஊதிக்கொண்டு போவதைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவன்தான் எல்லப்பன். அவன் இந்து, தேயிலை பாக்டரியில் வேலை. இரண்டு பக்கமும் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கல்யாணம் நடந்தது. அவள் மடத்தை விட்டுப் போகிற அன்று சிஸ்டர், ஓரம் நசுங்கிய ஒரு பழைய ட்ரம்பெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இதை வேற யாருக்கும் வாசிக்க வராது, நீயே கொண்டு போ" என்றார்.

இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் எல்லப்பன் பெயர் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறும் முன் சாமான்களைச் சோதித்த அதிகாரி ட்ரம்பெட்டை வெளியே எடுத்து, யாருடையது என்று கேட்டார். தன்னுடையது என்று அவள் சொன்னதை நம்பவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார். வெயிலில் வரிசையில் நின்ற சனங்களுக்கு நடுவே அவள் மாதா பாட்டு ஒன்றை வாசித்தாள். அதிகாரி கேட்டுவிட்டு, "போ, போ" என்று கையை ஆட்டினார். அக்கரையில் இறங்கி மண்டபம் முகாமில் கிடந்து, லாரியில் மலையேறி வந்து சேர்ந்த பிறகு அதை எடுக்க நேரமும் இல்லை, மனசும் இல்லை.

தோட்டத்தில் இரண்டு பேருக்கும் வேலை கொடுத்தார்கள். ஒரு வீடும் கொடுத்தார்கள். சிலோனில் லயம் என்ற வரிசை வீட்டை இங்கே பாடி என்றார்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டு என்பதை மஸ்டர் என்றார்கள். மற்றபடி எல்லாம் அதேதான். முதல் மழைக்காலத்தில் எல்லப்பன் கொழுந்து மூட்டையோடு சரிவில் வழுக்கி விழுந்தான். இடுப்பு பிசகியது. வைத்தியம் பார்த்தும் அவனால் குனிந்து எழ முடியவில்லை. கொஞ்ச காலம் பார்த்துவிட்டு வேலைப் பதிவிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். பாடி வீடு ஜெஸிந்தாவின் பெயரில்தான் நின்றது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஃபாதர் கூடலூரிலிருந்து வந்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பூசை வைத்தார். பாட்டுக்கு ஆர்மோனியம்கூட இல்லை. ஜெஸிந்தா வீட்டுக்குப் போய் ட்ரம்பெட்டை எடுத்து வந்தாள். குளிரில் உலோகம் உதட்டில் ஒட்டியது. உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி வாசித்தாள். நடுங்கித்தான் ஆரம்பித்தது. இரண்டாவது பாட்டில் பழைய குரல் வந்துவிட்டது. உருண்டையாக, பாரமாக, அடிவயிற்றிலிருந்து எழுகிற குரல். கொட்டகைக்கு வெளியே இந்துக்களும் வந்து நின்று கேட்டார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் லிங்கசாமி, மேனேஜர் வீட்டு விசேஷத்துக்குப் பேண்ட் பேசி முடிக்க அன்று கூடலூரிலிருந்து வந்திருந்தவர். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். கூடலூர் பஜாரில் கடை வைத்து ஒரு சின்ன பேண்ட் செட் நடத்தி வந்தார். மறுநாளே பாடிக்கு வந்து வாசலில் நின்றார்.

"ஏனுங்க, ட்ரம்பெட் வாசிக்கறவங்க இந்த ஊடுதானுங்களா?"

"எங்க வீட்டுக்காரிதான்," என்றான் எல்லப்பன்.

லிங்கசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். வளைத்துப் பேசவில்லை. தன்னிடம் வாசிக்கிற கருணாகரன் துபாய்க்குப் போகப் பம்பாயில் ஏஜெண்டைப் பிடித்திருக்கிறான், விசா வந்தால் போய்விடுவான், அதற்குள் இன்னொரு ஆளைத் தயார் செய்ய வேண்டும் என்றார்.

"பெரிய செட்டுன்னா கோயிலுக்கொரு ஆளு, கல்யாணத்துக்கொரு ஆளுன்னு வெச்சுக்கலாமுங்க. நம்முளுது சின்னது. காலையில கிறிஸ்தவங்க அடக்கத்துக்குப் போகோணும், சாயங்காலம் மாரியம்மன் நோம்பிக்கு ஊர்கோலம் போகோணும். சீசன்ல ஊட்டி ஓட்டல்ல டான்ஸுக்கு வாசிக்கோணும். எல்லாத்துக்கும் ஒரே ஆளுதானுங்க."

"எனக்கு மாதா கோயில் பாட்டு மட்டுந்தான் தெரியும்," என்றாள் ஜெஸிந்தா. "ரோட்டுல வாசிக்க ஏலாது."

"பழகிக்கலாமுங் அம்மணி. நீங்க மொதல்ல வாங்க."

எல்லப்பன் அவளைப் பார்த்த பார்வையில், போ என்று இருந்தது. வேலை போனதிலிருந்து அவன் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துக் கூடலூருக்குப் போனாள். கருணாகரன் நிலம்பூர்ப் பக்கத்து மலையாளி. ஒல்லி, சதா பீடி. தன் இடத்துக்கு வரப் போகிறவள் என்று அவளிடம் எந்த முகச்சுளிப்பும் காட்டவில்லை. துபாய் போகிற சந்தோஷத்தில் யாரிடமும் அவனுக்குக் கோபமே வரவில்லை. அவளைக் கடை வாசலில் நிறுத்தி ஒரு கல்யாணப் பாட்டை வாசிக்கச் சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போனான். திரும்பி வந்தான்.

"நல்ல சப்தம் சேச்சி. பட்சே பஸ் ஸ்டாண்டு எத்தறதுக்கு முன்னே செத்துப் போச்சு."

"நான் மூச்செடுத்துத்தான் ஊதுனேன்."

"மூச்சு இல்லா. இது." அவள் ட்ரம்பெட்டில் உதடு வைத்து ஊதுகிற மவுத்பீஸைக் கழற்றிக் காட்டினான். குழி ஆழமாக, கிண்ணம் மாதிரி இருந்தது. "இது கோயிலுக்குள்ள வெச்சு வாசிக்க. நாலு சுவர் வேணும் இதுக்கு."

தன்னுடையதை மாட்டிக் கொடுத்தான். அதன் குழி ஆழமே இல்லை, தட்டுப் போல இருந்தது. அவள் ஊதியதும் ஓசை கத்தி போலக் கிளம்பி எதிர்க்கடைக்காரனைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மேல் ஸ்வரங்கள் தாமாக வந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதிலேயே மெதுவாக ஒரு மாதா பாட்டை எடுத்தபோது காற்றுத்தான் சீறியது. கீழ் ஸ்வரங்களில் ஒன்றுமே இல்லை. சாவு வீட்டில் இதை வாசித்தால் செத்தவரைத் திட்டுவது போல இருக்கும் என்று நினைத்தாள்.

கோயிலுக்குத் தன்னுடையது, ரோட்டுக்குக் கருணாகரனுடையதைப் போல ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். சில வாரங்கள் அப்படித்தான் ஓடின. பிறகு ஒருநாள் காலையில் ஓவேலியில் ஒரு அடக்கம், அன்று சாயங்காலமே தேவர்சோலைப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் நோம்பி. காலையில் ஆழமான குழியில் வாசித்த உதடு, சாயங்காலம் தட்டைக் குழியில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தடுமாறியது. ஒன்றின் விளிம்பு அகலம், மற்றதன் விளிம்பு கூர்மை. பாதி ஊர்வலத்தில் மேலுதடு உள்ளே கிழிந்தது. ஊதினாள், ஓசை வரவில்லை. பக்கத்தில் நடந்த கருணாகரன் பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். அவள் ட்ரம்பெட்டை உதட்டில் சும்மா வைத்தபடி, ரத்தத்தை விழுங்கிக்கொண்டு கோயில் வரைக்கும் நடந்தாள்.

அடுத்த ஞாயிறு லிங்கசாமி ஒரு பழைய பிஸ்கட் டின்னை மேசைமேல் கவிழ்த்தார். கடகடவென்று மவுத்பீஸ்கள் உருண்டன. கோயமுத்தூரில் கலைந்துபோன பேண்டுகளிலிருந்தும், வெலிங்டன் பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்டவற்றிலிருந்தும் சேர்த்தவை.

"ஒன்னை எடுங்க அம்மணி. எல்லாத்துக்கும் ஆகற மாதர ஒன்னே ஒன்னு. அப்புறமேல்ட்டு அதை மாத்தப்படாது."

விளிம்பு சிதைந்தவற்றை அவள் முதலில் தள்ளினாள். வெள்ளி முலாம் போய்ப் பித்தளை தெரிந்தவற்றை அடுத்துத் தள்ளினாள், அவை உதட்டைப் புண்ணாக்கும். மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாக மாட்டினாள். முதலில் ஒரு கீழ் ஸ்வரத்தை முடிந்த மட்டும் மெதுவாக, முடிந்த மட்டும் நீளமாகப் பிடித்தாள். பிறகு அங்கிருந்து மேலே தாவினாள். பிறகு கல்யாணப் பாட்டின் வேகமான இடத்தை நாக்கால் தட்டி வாசித்தாள். சிலது மேலே போயிற்று, கீழே வரவில்லை. ஒன்று எல்லாம் செய்தது, ஆனால் உதடு உள்ளே போய் அடைத்துக்கொண்டது. கடைசியில் இரண்டு நின்றன. அவளுக்கு ஒன்று பிடித்திருந்தது.

"இப்ப எடுக்காதீங்க," என்றான் கருணாகரன். "வாய் புதுசா இருக்கும்போ எல்லாம் நல்லாத்தான் தோணும். தளரட்டும். தளர்ந்து கழிஞ்சு எது பேசுதோ, அதை எடுங்க."

உதடு மரத்துப்போகும் வரை வாசித்தாள். பிடித்திருந்தது கைவிட்டது. மற்றது நின்றது. குழி ஆழமுமில்லை, தட்டையுமில்லை. விளிம்பு ஏறக்குறைய அவளுடைய பழையதன் அகலம்தான், உள்பக்கம் கொஞ்சம் மழுங்கியிருந்தது. செய்த கம்பெனியின் பெயர் தேய்ந்துபோயிருந்தது. தண்டு அவள் ட்ரம்பெட்டுக்குக் கொஞ்சம் லூசாக ஆடியது. கருணாகரன் சிகரெட் பெட்டி ஈயத்தாளைக் கிழித்துச் சுற்றிச் செருகிக் கொடுத்தான்.

அதில் மாதா பாட்டை வாசித்தபோது தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மடத்தில் கற்ற அந்தப் பாரமான குரல் அதில் இல்லை. கல்யாணப் பாட்டு பஸ் ஸ்டாண்டு வரை போயிற்று, ஆனால் கருணாகரனுடையது போல எதிர்க்கடைக்காரன் திரும்பவில்லை. எதிலும் முதல்தரம் இல்லை, எதிலும் குறைசொல்ல முடியாது. அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்தேதான் எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தினமும், கொழுந்து பறித்து வந்து கைகழுவியதும், பாடிக்குப் பின்னால் இருந்த சரிவில் நின்று வாசித்தாள். உதடு மெல்ல மெல்லப் புது விளிம்புக்குப் படிந்தது. மேலுதட்டில் ஒரு சின்ன வளையம் விழுந்து நிலைத்துவிட்டது. அடக்கம், கல்யாணம், நோம்பி என்று லிங்கசாமி கூப்பிடுவது அதிகமானது. தோட்டத்தில் அவள் போடுகிற லீவும் அதிகமானது.

மேஸ்திரி காத்தமுத்து ஒருநாள் மஸ்டரில் அவளைத் தனியே நிறுத்தினார். அவரும் சிலோன்காரர்தான், அவர்களுக்கு முந்திய கப்பலில் வந்தவர்.

"ஜெஸிந்தா, இப்பிடியே போனா பேரு போயிரும். பேரு போனா பாடியும் போயிரும். ஒம் புருசன் பேரும் இல்ல. யோசிச்சுக்க."

அவள் போய் லிங்கசாமியிடம் சொன்னாள். அவர் காத்திருந்தது போலச் சிரித்தார். கருணாகரனுக்கு விசா வந்துவிட்டது, அடுத்த வாரம் பம்பாய்க்குப் போகிறான் என்றார்.

"தோட்ட வேலையை உட்டுப்போட்டு வந்துருங்க அம்மணி. கடைக்குப் பின்னால ரூம் சும்மாதான் கெடக்குது. நீங்களும் உங்கூட்டுக்காரரும் இருந்துக்கலாம்."

"நாளைக்கு நீங்க வேணாம்னு சொல்லிட்டா நாங்க போறதுக்கு இடமில்லீங்க ஐயா."

"என்னங் அம்மணி இப்பிடிப் பேசறீங்க. நம்ம செட்டுக்கு இனி நீங்கதான் ட்ரம்பெட்டு. என்னை நம்பலீங்களா?"

அன்று ராத்திரி எல்லப்பனிடம் கேட்டாள். "நீ நல்லா வாசிக்கிற. அவருக்கு ஆளு வேணும். இதுல பயப்பட என்னா இருக்கு?" என்றான். அவனுக்குத் தோட்டத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போயிருந்தது. எல்லோரும் வேலைக்குப் போன பிறகு வெறும் பாடி வாசலில் உட்கார்ந்திருப்பது அவனுக்குச் சிறையாக இருந்தது. அவள் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டு, சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். இரண்டாவது தடவை.

கருணாகரன் பஸ் ஏறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இனி இது சேச்சியோட ஸ்தலம்," என்றான். கண் கலங்கியிருந்தது. ஊரை விட்டுப் போகிறவனின் முகம் அவளுக்குத் தெரியும். அவனுக்காக ஜெபம் செய்தாள்.

கோடை சீசன் வந்தது. லிங்கசாமி கடைப் பலகையில் 'லேடி ட்ரம்பெட்' என்று புதிதாக எழுத வைத்தார். அவளுக்குச் சிவப்புக் கோட்டு தைத்தார்கள். ஒரு பொம்பளை ட்ரம்பெட் ஊதுகிறாளாம் என்று பார்க்கவே கூட்டம் வந்தது. சேலைமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, வரிசையின் நடுவில், இரண்டு பக்கமும் ஆண்கள் நடக்க அவள் நடந்தாள். குடித்தவன் எவனாவது ஏதாவது சொல்வான். அப்போது இன்னும் சத்தமாக வாசிப்பாள். ஊட்டி ஓட்டலில் ஜோடி ஜோடியாக ஆடியவர்கள், பாட்டு முடிந்ததும் அவள் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். ஒருநாள் காலையில் பந்தலூரில் ஒரு சின்னப் பிள்ளையின் அடக்கத்துக்கு வாசித்துவிட்டு, அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் கூடலூரில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்தாள். உதடு இரண்டு இடத்திலும் அவள் சொன்னபடி கேட்டது. அன்று ரூமுக்கு வந்து படுத்தபோது, இந்த ஊருக்கு வந்தபிறகு முதல் முறையாக, தாங்கள் இங்கே இருக்கத்தான் வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆடி மழையில் கருணாகரன் திரும்பி வந்தான். கன்னம் ஒட்டி, தலைமுடி கொட்டி, அடையாளமே தெரியவில்லை. விசா போலி. ஏஜெண்ட் ஆபீசைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். ஊருக்கு வர வெட்கப்பட்டுப் பம்பாயில் ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறான். ஜெஸிந்தாதான் அவனுக்கு முதலில் சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்து மனசு தாங்காமல் எழுந்து போனாள்.

"நாலு நாளைக்கு நம்மகூட வாசிக்கட்டும்," என்றார் லிங்கசாமி. அவளும் சரி என்றாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வாசித்தார்கள். ஆவணி முகூர்த்தங்கள் வந்தபோது அவர் அவளையும் எல்லப்பனையும் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"அம்மணி, உங்க வாசிப்புல ஒரு கொறையுமில்லீங்க. நானே சொல்றன். ஆனா பாருங்க, ரெண்டு ட்ரம்பெட்டு வெச்சுக் கட்டுபடியாகாது. அவன் பழைய ஆளு. மூணு தங்கச்சிங்க கல்யாணத்துக்கு நிக்குது."

ஜெஸிந்தா காப்பியைக் கீழே வைத்தாள். "நான்தான் ட்ரம்பெட்டுன்னு சொன்னீங்க."

"சொன்னனுங்க. அவன் போயிட்டான்னு நெனச்சுத்தானே சொன்னன். அப்புறம் இன்னொன்னு. கல்யாண ஊட்டுக்காரங்க மொதல்ல வேடிக்கையா பார்த்தாங்க. இப்ப, ராத்திரில பொம்பளை எதுக்கு, ஆம்பளை செட்டே வரட்டும்ங்கறாங்க. பெங்களூரு, மைசூருன்னு போனா அவன் எங்க வேணும்னாலும் துண்டை விரிச்சுப் படுத்துக்குவான். உங்களைக் கூட்டிட்டுப் போய் நான் எங்க தங்க வெக்கறது?"

"நாங்க தோட்டத்தையே விட்டுட்டு வந்திருக்கோங்க ஐயா."

"உங்களை நான் கைவுடுவனுங்களா? ரூம்லயே இருங்க. உங்கூட்டுக்காரருக்கு ஒரு வேலை குடுக்கறன். ஜால்ரா தட்டறதுக்கு ஒரு ஆளு வேணும். வெயிட்டு இல்லாத வேலை, இடுப்புக்கும் ஒன்னும் ஆகாது. என்னங்க?"

எல்லப்பனைத்தான் கேட்டார். எல்லப்பன் அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரிங்க," என்றான்.

அவள் எழுந்தபோது லிங்கசாமி தயக்கத்தோடு, "அம்மணி, அந்த மவுத்பீஸு கடைச் சாமான். கோட்டும் அப்பிடித்தான்," என்றார்.

அவள் ரூமுக்குப் போய் ட்ரம்பெட்டிலிருந்து அதைக் கழற்றினாள். ஈயத்தாள் சுற்றியது சுற்றியபடி வந்தது. துணியால் துடைத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கருணாகரன் வாசலுக்கு வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தான். அவளைக் கண்டதும் பீடியைப் போட்டு மிதித்தான்.

"எனக்கு வேற வழி இல்லா, சேச்சி."

"எனக்கும் இல்ல," என்று சொல்லிவிட்டு அவனைக் கடந்து போனாள்.

அடுத்த நாள் பழைய தோட்டத்துக்குப் போய்க் காத்தமுத்துவைப் பார்த்தாள். அவர் அவளைத் திட்டவில்லை. அவள் இடத்தில் வேறு பெயர் ஏறிவிட்டது, புதிதாக வந்த கப்பலில் ஒரு குடும்பம், பாடியும் அவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். அவள் அந்தப் பாடி வழியாகத்தான் திரும்பினாள். வாசலில் ஒரு பெண் தகரப்பெட்டியை வெயிலில் வைத்துத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டாள். "யாரையும் இல்ல," என்றாள் ஜெஸிந்தா.

ஓவேலியில் ஒரு தனியார் தோட்டத்தில் களையெடுக்க டெம்பரவரி ஆள் எடுத்தார்கள். விடிவதற்குள் லாரி வரும். அதில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வர வேண்டும். எல்லப்பன் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தான். அவளுடைய கோட்டுத்தான். தோள்பட்டையைப் பிரித்து அகலமாக்கிக் கொடுத்தது அவள்தான். அவன் கெட்டவனாகிவிடவில்லை. சம்பளத்தைக் கொண்டுவந்து அவள் கையில்தான் கொடுத்தான். ஆனால் தாளம் போடுவது பற்றி, எந்த ஊருக்குப் போனோம் என்பது பற்றி, சாப்பாடு போட்ட வீடுகளைப் பற்றி ஓயாமல் பேசினான். பேச்சின் நடுவே அவள் முகத்தைப் பார்த்து நிறுத்துவான். பிறகு மறந்து மறுபடியும் தொடங்குவான்.

மடத்து மவுத்பீஸை மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்துப் பார்த்தாள். உதட்டிலிருந்த வளையம் வேறு அளவுக்குப் படிந்திருந்தது. ஆழமான குழிக்குள் உதடு பிடியில்லாமல் நழுவியது. மாதா பாட்டின் முதல் வரி முடிவதற்குள் ஓசை உடைந்தது. திரும்பத் திரும்பப் பழகினால் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாள் பழகினாள். களைக்கொத்து பிடித்த கையும் லாரியில் நின்ற காலும் நாலாம் நாள் அவளை எழவிடவில்லை. ட்ரம்பெட்டைக் கம்பளித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். ஃபாதர் வந்து திருநாளுக்கு வாசிக்கக் கேட்டபோது பல் வலி என்று சொன்னாள். திருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலத்துக்கு லிங்கசாமி செட்டையே பேசிவிட்டார்கள்.

திருநாளுக்குச் சில நாள் முன்னால் கருணாகரன் ரூம் வாசலில் வந்து நின்றான். எல்லப்பன்தான் கூட்டி வந்திருந்தான். கருணாகரன் கையில் அந்தப் பிஸ்கட் டின் இருந்தது.

"சேச்சி, முன்னே அடக்கத்துக்கும் நான் ரோட்டுல சத்தமாத்தான் வாசிச்சேன். கோயிலுக்கு மெல்ல வாசிக்க எனக்குக் கிட்டலை. என் மவுத்பீஸ் சீறுது. சேச்சி எடுத்ததை வெச்சும் பார்த்தேன். ரோட்டுக்கும் போறதில்லா, கோயிலுக்கும் போறதில்லா. சேச்சி எப்பிடி ரெண்டுக்கும் சரியாக்கினீங்க? இதுல எது எடுக்கணும்?"

அவளுக்குத் தெரியும். அவன் பல் வரிசை முன்தள்ளியது, உதடு மெலிசு. அவள் எடுத்தது அவனுக்கு ஒத்துவராது. அவளுக்கு முதலில் பிடித்து, உதடு தளர்ந்ததும் கைவிட்ட அந்த இன்னொன்று அவனுக்குச் சரியாக உட்காரும். டின்னுக்குள் அது மேலாகவே கிடந்தது. அவள் கண் அதன்மேல் பட்டது. அவன் தனக்கு ஈயத்தாள் சுற்றிக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது.

"எல்லாம் ஒண்ணுதான் கருணா," என்றாள். "எதை எடுத்தாலும் பழகிரும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. டின்னை மூடிக்கொண்டு, "சரி சேச்சி," என்று போனான்.

"சொல்லிக் குடுத்தா உனக்கு என்னா கொறஞ்சிரும்?" என்றான் எல்லப்பன். "அவன் என்னா பாவம் செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல," என்றாள் அவள். "நீயும் ஒண்ணும் செய்யல. சாப்பிடு."

திருநாளன்று சாயங்காலம் மாதா சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பனிமஞ்சு இறங்கியிருந்தது. ஜெஸிந்தா பெண்கள் கூட்டத்தில் மெழுகுவர்த்தியோடு நின்றாள். எல்லப்பன் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து, ஜால்ராவைத் தட்டிக்கொண்டு போனான். தாளம் ஒரு நூலிழை பின்தங்கியே வந்தது. கருணாகரன் மாதா பாட்டை எடுத்தான். மெதுவான இடங்களிலெல்லாம் காற்றுச் சீறியது. கீழ் ஸ்வரங்கள் வரவில்லை, அந்த இடங்களைச் சும்மா விட்டுவிட்டு மேலே தாவினான். ஒரு இடத்தில் ஓசை இரண்டாகப் பிளந்தது. அவள் ஒவ்வொரு தப்பையும் கேட்டாள். அதற்காகத்தான் வந்தது போல, சப்பரம் வளைவில் திரும்பும் வரை ஒன்றுவிடாமல் கேட்டாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருக்கவில்லை.

பக்கத்தில் நின்ற பெண், தேவர்சோலையிலிருந்து வந்தவள், மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்த வருசம் பேண்டு நல்லாயிருக்குல்ல?"

"ஆமா," என்றாள் ஜெஸிந்தா.